கதவு பூட்டிய அடுத்த நாள்

பள்ளிக்கூட பஸ்ஸுக்காகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, "அந்தோனி அண்ணை மோசம் போயிட்டார்" என்றார். அவர் இறந்த செய்திக்கு அழுகை வருமுன் எனக்கு வந்தது பயம். அவருக்காக எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

அந்தோனி அங்கிளை உங்களில் பலருக்கு எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் தெரிந்திருக்கும். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடம் மூடப்பட்டு அவருக்கு வேலை போன வாரம், தேவாலயத்துப் பழைய புத்தக விற்பனையில் ஒரு கார்ப் புத்தகம் வாங்கினார். மூன்றே ஆண்டுகளில் மூடிப்போன ஓர் அமெரிக்கக் கார்க் கம்பனிக்கு அதில் அரைப் பக்கம் இருந்தது. முதலாளியின் பெயர், பித்தளை விளக்குகள், மேட்டில் ஏறினால் கொதிக்கும் எஞ்சின். படத்தில் தொப்பி போட்ட தொழிலாளர்கள் நின்றார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"முதலாளியின்ரை கதை கிடக்கு. கதவு பூட்டின அடுத்த நாள் காலமை இவங்கள் எங்கை போனவங்கள்?" என்று எல்லோரிடமும் கேட்பார். அந்தக் கம்பனியின் வரலாற்றைத் தமிழில் எழுதத் தொடங்கிய கொப்பியில் கடைசித் தலைப்பும் அந்தக் கேள்விதான்.

அவர் மனைவி மேரி அன்ரி, "எங்கடை கார் பனிக்கு ஸ்டார்ட் வருகுதில்லை, இவர் செத்த காருக்கு நினைவு மலர் எழுதுறார்" என்பார்.

"பொறு, உனக்கும் ஒண்டு எழுதுவன்."

இலையுதிர் காலத்தில், அந்தத் தொழிலாளர்களைப் பற்றிக் கேட்டு, கம்பனி இருந்த ஊரின் நூலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரச் சொல்லி அங்கிள் என்னிடம் கேட்டார். அழகாக வரவேண்டும் என்று நான்கு தரம் திருத்தினேன். பிறகு பரீட்சை வந்தது. கடிதம் என் அகராதிக்குள் கிடந்தது.

ஞாயிறுதோறும் பூசை முடிய, "பதில் வந்ததே பிள்ளை?"

"இன்னும் இல்லை அங்கிள்."

"அமெரிக்காக்காரர் ஆறுதலாத்தான் எழுதுவினம்."

நத்தார்ப் பண்டிகை முடிந்த பிறகே அதைத் தபாலில் போட்டேன்.

அடக்கம் நடந்து நான்காம் நாள் நூலகத்திலிருந்து பதில் வந்தது. கம்பனியின் ஆவணம் எதுவும் மிஞ்சவில்லை. படத்தில் நிற்கும் ஒருவரின் மகள் மட்டும் அந்த ஊரில் இருந்தாராம், தகப்பன் சொன்னதெல்லாம் நினைவில் வைத்திருந்தாராம். தொண்ணூற்றெட்டு வயது. நத்தாருக்கு முந்தின வாரம் இறந்துவிட்டார்.

மேரி அன்ரிக்கு அதை வாசித்துக் காட்டி, கடிதத்தை எப்போது போட்டேன் என்பதையும் சொன்னேன்.

"கடைசிக் கிழமையும் கேட்டவர், பதில் வந்ததோ எண்டு."

பிறகு கொப்பியை என் கையில் தந்தார். என்னிடம் இருப்பது அதுதான். கடைசித் தலைப்பின் கீழே பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதை எழுதத் தெரிந்தவர் இனி ஒருவரும் இல்லை.