ஒரு காலுக்கு இரண்டு வண்டி

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு பல் டாக்டரிடம் டிரைவர். டாக்டரின் அப்பா வாங்கிய பழைய காரைத்தான் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். அதில் கிளட்ச் இடது ஓரம், ஆக்சிலரேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரம். எந்தப் புண்ணியவானின் யோசனையோ. புதிதாக உட்கார்ந்த எவனும் கேட்டைத் தாண்டியதில்லை. அத்தானுக்கு அதில் தலைக்கனம் உண்டு, எனக்கு அது பிடிக்காது.

போன மாதம் டாக்டரின் மகள் சின்ன பேட்டரி கார் ஒன்று வாங்கினாள். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சத்தமும் இல்லை. இரண்டே மிதி, பிரேக் இடப்பக்கம், ஆக்சிலரேட்டர் வலப்பக்கம். தினமும் தன் குழந்தையை அதில் பள்ளிக்கூடத்தில் விடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டாக்டருக்குப் பழைய வண்டி. அத்தான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

முதல் நாளே வாசலில் நிறுத்தப் போய், பழக்கதோஷத்தில் வலது ஓரத்தை அழுத்தினார். வண்டி பாய்ந்து இரண்டு பூந்தொட்டிகளை உடைத்தது. நல்ல வேளை, குழந்தை இன்னும் ஏறவில்லை.

"பழசு உறுமிட்டுத்தான் கிளம்பும், நாமளும் சுதாரிச்சுக்கலாம். இது கிளம்பினதே தெரியல" என்று வீட்டில் புலம்பினார்.

"உள்ள அந்தப் புள்ள இருந்திருந்தா?" என்றாள் அக்கா.

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கூத்து. அத்தான் நாற்காலியில் உட்காருவார். காலடியில் இடப்பக்கம் அக்காவின் செருப்பு, வலப்பக்கம் என்னுடையது. அக்கா அடுப்படியிலிருந்தே "நில்லு" என்பாள், "போ" என்பாள். மரியாதை இல்லாமல் புருஷனை விரட்டக் கிடைத்த வாய்ப்பை விடுவாளா? பல் விளக்கும்போதும் அவர் வலது கால் எதையோ மிதித்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்தில் தேறிவிட்டார். குழந்தை பின்சீட்டில் பாடிக்கொண்டே போய் வந்தது. ஒரு நாள் நானே ஸ்கூட்டரில் பின்னால் போய்ப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிக்னலில் பழைய வண்டியை நிறுத்த, புது வண்டியின் பிரேக் நினைப்பில் நடு மிதியை அழுத்தினார். அது முன்னால் நின்ற லாரியை நோக்கிச் சீறியது. கை பிரேக்கை இழுத்ததில் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அங்கேயே டாக்டரிடம் பூந்தொட்டி வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"ஒரு காலை வெச்சுக்கிட்டு ரெண்டு வண்டியோட மாரடிக்க முடியல டாக்டர். ஏதாவது ஒண்ணு குடுங்க."

"எது வேணும்?"

"பாப்பா வண்டி."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்தக் குழந்தையை வேறொருவன் காலை நம்பி விட அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான். சொன்னால் தலைக்கனம் ஏறும் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு டாக்டரே பழைய வண்டியில் உட்கார்ந்தார். வழியனுப்ப அத்தானும் நானும் கேட் அருகே நின்றோம். டாக்டர் கண்ணாடியை இறக்கினார்.

"இதுல பிரேக் எதுப்பா?"

"நடு" என்றார் அத்தான். "இல்ல, ஓரம்." குனிந்து தன் காலைப் பார்த்தார். "குழம்புது டாக்டர். கொஞ்சம் இறங்குங்க, உட்கார்ந்து பார்த்துச் சொல்றேன்."

டாக்டர் இறங்கினார். அத்தான் ஏறி உட்கார்ந்து வலது காலைத் தூக்கினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.