காது கேட்காத ராஜா

எங்கள் பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் நாடகம் சொல்லித்தர ஓர் அண்ணன் வருவார். வாயே திறக்காத பிள்ளைகளைப் பேசவைக்க அவரிடம் ஓர் ஆட்டம் இருந்தது. ஒருவன் ராஜா, அவனுக்குக் காது மந்தம். இன்னொருவன் எதிரே நின்று வரம் கேட்கவேண்டும். கத்தக் கூடாது, தலை குனியக் கூடாது. சொல்லை விழுங்கினால் ராஜா காதோரம் கைவைத்து, "கேக்கல!" என்பான். யானை கேட்டார்கள், விமானம் கேட்டார்கள். ஒருத்தி எங்கள் ஊர் மலையான அண்ணாமலையையே தன் தெருப்பக்கம் நகர்த்தி வைக்கச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாடகம் நடக்கவிருந்தது. அம்மா வந்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்தேன். அவள் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைப் பெருக்கித் துடைத்துவந்தாள். ஞாயிறும் வேலைதான். லீவு வேண்டுமென்றால் முதலாளியிடம் கேட்கவேண்டும். அவர் முன்னால் அவளுக்குக் குரலே எழும்பாது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளை இழுத்து வந்து நிறுத்திவிட்டு, கட்டில்மேல் ஏறி நான் ராஜாவானேன்.

"ஞாயித்துக்கெழம லீவு வேணுங்க" என்று முந்தானைக்குள் சொன்னாள்.

"கேக்கல!"

மறுநாள் அவளே வந்து நின்றாள். அதற்கடுத்த நாளும். "வேற ஏதாவது கேளும்மா, யானை கேளு" என்று கெஞ்சினேன்.

"யானைய எங்கடா கட்டறது?" என்றாள். திரும்பவும் அதே லீவு.

நானும் லேசில் விடவில்லை. "பௌர்ணமிக் கூட்டம் வருமே?"

"பௌர்ணமி புதன்கெழமயே முடிஞ்சிடுதுங்க."

"உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்களே?"

"கேக்கட்டுங்க. அவங்களுக்கும் வீடு வாசல் இருக்குல்ல?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரையேறியது. "இன்னாடி, ராஜாவையே மிரட்டுற?"

நாடகத்தன்று அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் என் வசனம் தொண்டைக்குள் போய்விட்டது. அவள் காதோரம் கைவைத்து, "கேக்கல!" என்றாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னேன்.

திரும்பும் வழியில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்: "இந்த ஒரு ஞாயிறு கேக்கலாம்னுதான் போனேன். வாய் வந்துடுச்சி, எல்லா ஞாயிறும் கேட்டுட்டேன். மாசத்துக்கு ரெண்டு குடுத்துட்டாரு."

மறுநாள் மாலை கட்டிலில் ஏறிக் காத்திருந்தேன். "போடா, போய்ப் படி" என்றாள் அம்மா. அவளுக்கு ஆட்டம் சலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்பாவைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தி, "உனக்கு இன்னா வேணும், கேளு" என்றேன். அவர் சிரித்தார். பிறகு வெகுநேரம் யோசித்துக்கொண்டே நின்றார். ஒரு வரம் கேட்க எதற்கு இத்தனை யோசனை என்று எனக்குப் பொறுமையே இல்லை.