அரைக் கட்டை இறங்கிய பாட்டு

அப்பாவுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது. புதுக்கோட்டை டாக்டரிடம் காட்டி, மாத்திரையோடு அறந்தாங்கிக்குத் திரும்பிய சில நாளில் அந்தப் பேச்சு ஆரம்பித்தது.

"தம்பி, ரிக்கார்டு மெதுவா ஓடுது. சுருதி அரைக் கட்டை எறங்கிருச்சு."

கத்தாரில் டிரைவராக இருந்தபோது அவர் வாங்கிவந்த ரிக்கார்டு பிளேயர் அது. தினமும் சாயங்காலம் அதே முருகன் பாட்டைப் போட்டுக் கூடவே பாடுவார். சின்ன வயதிலிருந்து பஜனையில் பாடிய தொண்டை. அம்மா போன பிறகு அவருக்கு மிச்சமிருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

முதலில் நானும் நம்பினேன். கழற்றிப் பார்த்தால் பெல்ட் தொய்ந்து கிடந்தது. புதியது வரவழைத்துப் போட்டேன், அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். சுழலும் தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் உண்டு. வேகம் சரியாக இருந்தால், பக்கத்தில் எரியும் குட்டி விளக்கின் வெளிச்சத்தில் அவை நகராமல் நிற்பதுபோலத் தெரியும். அடியில் இருந்த திருகைத் திருப்பித் திருப்பி அவற்றை நிறுத்திவிட்டேன்.

அப்பா கேட்டுவிட்டு, "இல்லப்பா, இன்னும் எறக்கமாத்தான் இருக்கு" என்றார். ஆர்மோனியத்தை இழுத்து ஒரு கட்டையை அமுக்கினார். "இதுவும் எறங்கிருச்சு. நீ பேசுறதே கம்மலாக் கேக்குது."

பிளேயரும் ஆர்மோனியமும் என் தொண்டையும் எப்படி ஒன்றாகக் கெட்டுப்போகும்? அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! மிஷின்ல ஒண்ணுமில்ல, ஒங்க காதுலதான் கோளாறு. வயசாயிருச்சு, சும்மா இருங்கப்பா" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. பாட்டு ஓடும், இவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கழற்றினேன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தூசி தட்டி, திருகைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்துவிட்டு, பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். நாலைந்து நாள் கழித்து ஆபீஸிலிருந்து வந்தால், அப்பா பாடிக்கொண்டிருக்கிறார்!

"இப்பச் சரியா ஓடுதுப்பா. நல்லாப் பண்ணிருக்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பாத்ரூமில் விழுந்தார். வலிப்பு நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்டார்கள். நானே எடுத்துக் கொடுத்தேன் என்று அடித்துச் சொன்னேன். பொய்யில்லை. வேளாவேளைக்குக் கொண்டுபோய் நீட்டுவேன். "அங்கிட்டு வச்சுட்டுப் போ, போட்டுக்கிறேன்" என்பார். பிளேயர் மூடிமேல் வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

கருமாதி முடிந்து அந்த ரிக்கார்டை எடுத்தேன். உறைக்குள்ளிருந்து மாத்திரைகள் பொலபொலவென்று தரையில் கொட்டின.

அள்ளிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். கொட்டித் தீர்த்தேன், ரிக்கார்டு, அரைக் கட்டை, எல்லாவற்றையும். அவர் ஒரு மாத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாத்திரை சில பேருக்குச் சத்தத்தக் கொஞ்சம் எறக்கிக் காட்டும்ங்க. ரொம்ப அபூர்வம். நிறுத்துனா நாலஞ்சு நாள்ல பழையபடி கேக்கும். வேற மாத்திரை இருக்கே, மாத்திக் குடுத்திருப்பேன். அவரு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே?"

சொன்னார். என்னிடம்தான் சொன்னார்.