அக்காவின் குழம்பும் வானொலியில் நான் சொன்ன பொய்யும்

போன வருடம் பலாப்பழ சீசனில், நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. எங்கள் பிளாக்கில் ஆளுக்கொரு செல்போன் இருந்தாலும், புயல் வருமா, மழை நிற்குமா என்றால் அரசாங்க வானொலி சொன்னால்தான் நம்புவார்கள். அதில் வரும் பெண்கள் நிகழ்ச்சிக்குப் பல நாள் முயன்று, ஒருநாள் எனக்கு லைன் கிடைத்துவிட்டது.

"இன்னிக்கு என்ன சமையல்?" என்றார் அறிவிப்பாளர் அம்மா. பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு என்று செய்முறையை மூச்சுவிடாமல் சொன்னேன். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார். "நானே கண்டுபிடிச்சதுங்க" என்று வாயில் வந்துவிட்டது. உண்மையில் அது பக்கத்து வீட்டு அக்காவின் குழம்பு. மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். எனக்குப் பக்குவம் சொன்னதே அவர்தான்.

இரண்டு நாள் கழித்து அக்கா அதே குழம்பு வைத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்தார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் ருசி பார்த்துவிட்டு, "அட, ரேடியோவுல இவங்க சொன்னதாச்சே! கேட்டு அப்படியே செஞ்சிட்டீங்களாக்கா?" என்றாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார்.

அதன்பிறகு பேச்சில்லை. மாதக் கடைசியில் அவர் வீட்டுக்காரர் ரிட்டயர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிடுவார்கள். இப்படியே போய்விட்டால்?

நேரில் போக எனக்கு முகம் இல்லை. மறுபடியும் தினமும் வானொலிக்குப் போன் போட்டேன். லைன் கிடைத்த அன்று நிகழ்ச்சிக்குக் கண் டாக்டர் வந்திருந்தார்.

"கண்ணுல என்னம்மா கோளாறு?" என்றார் அறிவிப்பாளர்.

"கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. வாய்தான் கோளாறு" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அறிவிப்பாளர் துண்டிக்கவில்லை. டாக்டரைக் காத்திருக்க வைத்து, "நிதானமா சொல்லுங்கம்மா" என்றார்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். அக்கா!

"ஏண்டி, பக்கத்து வூட்டுல இருந்துகினு ஊருக்கெல்லாம் சொல்றியே, எங்கிட்ட சொல்ல நாலு அடி நடக்க முடியலியா?" என்று திட்டிக்கொண்டே உள்ளே வந்தவர், பொங்கி வழிந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, "அழுதது போதும், காபியைப் போடு" என்றார்.

ஊரே நம்புகிற குரலில் நான் கலந்த பொய்யை, அந்த வானொலியே பொறுமையாக எடுத்துப்போட இடம் கொடுத்தது. இன்றைக்கும் யாராவது என் சமையலைப் பாராட்டினால், சொல்லிக்கொடுத்தவர் யாரென்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.