ஹைமவதி ஒளித்து வைத்த மருந்து

தன் பொருளை யாராவது தொட்டால் ஹைமவதிக்கு ஆகாது. பிறர் பொருளைத் தான் தொட்டால் மட்டும் அதற்குப் பெயர் "கொஞ்சம் எடுத்துக்கிட்டேன்". அந்த ஹைதராபாத் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருமே அப்படித்தான். இவள் கொஞ்சம் கூடுதல் கெட்டிக்காரி. விலை உயர்ந்த மருந்துக் குழாயின் மேல் 'டிஎம்எஸ்ஓ' என்று பொய்யாக எழுதி ஃப்ரீசரில் வைத்துவிடுவாள். வெறும் கரைப்பானை எந்தப் பயல் திருடுவான்?

இத்தனை சாமர்த்தியமும் ஆய்வில் பலிக்கவில்லை. சுண்டெலிச் செல்லில் அவள் ஆராயும் மரபணு விழித்திருந்து ஆர்.என்.ஏ.வை எழுதித் தள்ளுகிறது. அதைப் படித்து வரவேண்டிய புரதத்தை மட்டும் காணோம். புரதம் இருந்தால் கறுப்புக் கோடாகக் காட்டும் ஃபிலிமைக் கழுவினால் துடைத்துவிட்ட மாதிரி வெறுமை.

"செல்லு அதைப் படிக்கவே இல்லம்மா. தலைப்பை மாத்திக்கோ, திங்கக்கிழமை பேசலாம்" என்றார் வழிகாட்டி ராஜ்யலட்சுமி மேடம். தலைப்பு போனால் இத்தனை வருஷப் பாடும் மூசி ஆற்றோடு போச்சு.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட ஹைமவதி உட்கார்ந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து எதுவும் படாத செல் இன்னொரு தொகுதி வேண்டும், வளர்க்கப் பொழுதில்லை. பக்கத்து மேசை பணீந்திரா அதே செல்லை அரைத்து வைத்திருந்தான். அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தாள். அவளுடைய செல்லில் வழக்கம்போல ஒன்றுமில்லை. பணீந்திராவின் செல்லில் அவளுடைய புரதம் கன்னங்கரேலென்று கோடு போட்டிருந்தது!

கேட்டால் திருட்டு வெளிப்படும், கேட்காவிட்டால் தலைப்பு போகும். உஸ்மானியா பிஸ்கட்டோடு அவனிடம் போனாள்.

"ஒரேய், உன் செல்லுல என்னடா ஊத்தினே?"

"எந்தச் செல்லு? அக்கா, என்னுதை எடுத்தியா?"

"கொஞ்சம் எடுத்துக்கிட்டேன். சொல்லுடா!"

"ஒப்பிட்டுப் பாக்க வெறும் டிஎம்எஸ்ஓதான்."

"யாரோடது?"

அவன் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான்.

"உன்னோடதுதான். என்னுது தீந்துபோச்சு."

அடிக்க ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவள் பொய்ப் பெயர் எழுதிய அந்தக் குழாயில் இருந்தது, செல்லுக்குள் புரதத்தை அரைத்து அழிக்கும் இயந்திரத்தை நிறுத்துகிற மருந்து. வேறு சோதனைக்கு வாங்கி ஒளித்தது. அப்படியானால் செல் புரதத்தைச் செய்யாமலில்லை. செய்கிறது, செய்த கையோடு அழித்தும் விடுகிறது! பூரி தட்டுக்கு வருமுன்னே பிள்ளைகள் தின்று தீர்ப்பதில்லையா, அந்தக் கதைதான்.

"திருட்டுப் பயலே, நீ நல்லா இருக்கணும்டா!"

"அப்போ என் சோதனை?"

"நாசம்."

திங்கட்கிழமை இருவரும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "வெக்கமா இல்ல? உண்மைப் பேரை எழுதி ஒட்டி, ஒழுங்கா மறுபடி செய்யுங்க." செய்தார்கள். அதே கறுப்புக் கோடு மறுபடி வந்தது. தலைப்பு தப்பித்தது.

கட்டுரை எழுதும்போது பணீந்திரா வந்து நின்றான்.

"அக்கா, என் பேரும் வரணும். நான் திருடலேன்னா உனக்கு இது கிடைச்சிருக்குமா?"

"நான் திருடலேன்னா, நீ திருடினது யாருக்குடா தெரிஞ்சிருக்கும்?"