மஞ்சள் பூசிய கல்லும் நான்கு முட்டைகளும்

நொச்சிப் புதர் மறைவில் தாட்சாயணி தன் பாவாடையின் உட்புறத்தை வெளியே திருப்பிக் கட்டிக்கொள்கிறாள். வெளிப்புறத்தில் சிவப்புப் பூக்கள், உட்புறம் வெளுத்த மண் நிறம். ஏரிக்குள் இறங்கும்முன் தினமும் இது நடக்கும். பிறகு அவள் நடப்பதைப் பார்த்தால், காணாமல் போன கன்றைத் தேடுகிறாள் என்றுதான் தோன்றும். பறவை இருக்கும் திசையில் ஓர் அடிகூட வைக்கமாட்டாள். "நேரா பாத்துக்கினு போனா அதுக்குத் தெரிஞ்சிடும். வேற எங்கியோ போற மாதிரி போய்க்கினே இருக்கணும்," என்பாள்.

வயது பத்து. நகரிக்குப் பக்கத்துக் கிராமம். அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா முனிரத்தினத்துக்கு ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலை, ஒரு ஜோடி மாடு. வெல்லம் கட்டி வந்த பழுப்புக் காகிதங்களைத் தைத்து அவள் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். அதில் பறவைகளின் படம் கிடையாது, கால் தடங்கள்தான் இருக்கின்றன. உள்ளான், கொக்கு, கொண்டலாத்தி என்று ஈர மண்ணில் பதிந்த தடங்களைக் குந்தி உட்கார்ந்து பார்த்து வரைந்தவை. "மூஞ்சி எனக்கு வராது. காலு வரும்," என்று சொல்லி நோட்டை மூடிவிடுவாள்.

ஆந்திரா வேறு, மெட்ராஸ் வேறு என்று ஆகி ஆறு வருஷம் முடிந்துவிட்டது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது இப்போதுதான் முடிவாகிறது. மெட்ராஸ் பக்கம்தான் வேண்டும் என்று சிலர் திருத்தணிக்குக் குடி போனார்கள். அவளோடு ஏரியில் சுற்றிய சிநேகிதி சுந்தரியின் வீட்டாரும் போனார்கள். நோட்டில் பாதித் தடங்கள் சுந்தரி கண்டுபிடித்தவை. இப்போது பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பில் மிச்சம் நான்கு பேர், அதில் மூன்று பேர் பையன்கள். தெலுங்கு வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக, "ஏய் பிட்டல பிச்சி!" என்று கூப்பிடுவார்கள். குருவிப் பைத்தியம் என்று அர்த்தம். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஏரியில் புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறாள், வாய் பாதி திறக்கிறது. அங்கே யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டு மறுபடி பார்க்கத் தொடங்குகிறாள்.

இந்தக் கோடையில் வறண்ட ஏரியின் நடுவே, கூழாங்கற்களுக்கு மத்தியில் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. குச்சி இல்லை, புல் இல்லை, வெறும் தரை. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து நாள் ஆயிற்று. "முட்டை கீற எடத்துல அது கத்தாது. தள்ளிப் போய்க் கத்தும். நம்மள ஏமாத்துது!" இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை.

முட்டைகளை ஒட்டியே வண்டிப் பாதை. கோடையானால் ஊர் முழுக்க ஏரியிலிருந்து வயலுக்கு வண்டியில் வண்டல் மண் அடிக்கும். ஒரு சக்கரம் அரை அடி விலகினால் போதும், நான்கும் கூழாகிவிடும். யாரிடமும் சொல்லவும் முடியாது. அந்த ஊரில் அது சாவுக் குருவி. போன வருஷம் அது கத்திய ராத்திரியில் அப்பாவைப் பறிகொடுத்த கங்கையா, மறுநாளே தடியோடு ஏரி முழுக்கத் தேடி, கண்ட முட்டையை எல்லாம் மிதித்துவிட்டு வந்தார்.

சர்வேக்காரர்கள் கரையோரம் ஓர் எல்லைக் கல் நட்டிருந்தார்கள். அதைப் பிடுங்கப் போவதாக நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தபோதே, யாரோ அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். அப்புறம் ஒருவரும் தொடவில்லை. வண்டிகள்கூட ஒதுங்கிப் போயின. தாட்சாயணி இதைப் பார்த்தாள். இரண்டு நாள் ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்து முட்டைகளுக்கு நான்கடி தள்ளி நிறுத்தினாள். அம்மாவின் டப்பியிலிருந்து மஞ்சள், குங்குமம். பறவை ஒரு நாள் முறைத்துப் பார்த்தது, மறுநாள் கல்லைப் பொருட்படுத்தாமல் வந்து உட்கார்ந்தது. சக்கரத் தடம் வளைந்து போயிற்று. ஒன்பது நாள் நிம்மதி.

பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஏரிக்குள்ள அம்மா தானா வந்து குந்திக்கினு கீறா! ராவோட ராவா மொளைச்சிருக்கா!" காலையிலேயே மூன்று அடுப்பு, பொங்கல், பம்பை. கல்லைச் சுற்றி இருபது ஜோடிக் கால்கள். ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றியது.

"த்தூ! நல்ல நாளும் அதுவுமா சாவுக் குருவி!" கங்கையா மண்ணாங்கட்டியை விட்டெறிந்தார். "எங்கியோ முட்டை வெச்சிருக்கும், மாமா. பூஜை முடியட்டும், தேடலாம்," என்றான் ஒருவன்.

நான்தான் கல்லை வைத்தேன் என்று தாட்சாயணி சொன்னால் கல் போய்விடும். நாளைக்கே வண்டிகள் வரும். சொல்லாவிட்டால் இந்தக் கால்கள் போகாது, ஒவ்வொரு வெள்ளியும் வரும். அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கால்களையே பார்த்தாள். ஒரு பாதம் முட்டைகளுக்கு ஒரு சாண் தூரத்தில் ஊன்றித் திரும்பியது.

கற்பூரம் காட்டியதும் எல்லோரும் இலையோடு கரை நிழலுக்கு நகர்ந்தார்கள். பறவை மட்டும் கீழே வரவில்லை. கரையில் அத்தனை பேர். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கூழாங்கற்கள் காலைச் சுட்டன. பறவை வந்து மூடாவிட்டால் முட்டைகள் வெந்துவிடும். தாட்சாயணி எங்கோ போகிறவள் போல நடந்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் நிழல் நான்கு முட்டைகள் மேலும் விழுந்தது.

"ஏண்டி தாட்சாயணி! கொளுத்துற வெயில்ல அங்க இன்னாத்துக்கு நிக்கிற? வந்து துன்னு!" கிருஷ்ணம்மா கரையிலிருந்து கூப்பிட்டாள்.

"வேண்டிக்கினு கீறன், அத்தை."

"பாருங்கடி, கொழந்தைக்கு இன்னா பக்தி!"

கங்கையா இலையிலிருந்து தலை தூக்கி அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் நிற்கும்வரை பறவை வராது, நகர்ந்தால் வெயில் விழும். நிழல் ஓர் ஓரமாக நழுவி, ஒரு முட்டையின் முனையில் வெயில் பட்டது. தாட்சாயணி கீழே பார்க்காமலே வலது காலை அரை அடி தள்ளி வைத்தாள்.