நான் செத்துப்போன புத்தகம்

புத்தகத்தில் என்னைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டார்கள். தள்ளியது என் மாமியாரும் இல்லை, புருஷனும் இல்லை. எழுதினவர்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு பக்கம் முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த உலை கொதித்து அடங்கிவிடும். இதை எழுதவும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. ஆனாலும் நானேதான் எழுதினேன். என் கதையை இன்னொருத்தர் கையில் கொடுத்து ஒருமுறை பட்டது போதும்.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். ஏழு வருஷம் பிள்ளை இல்லை. ஏழாவது வருஷம் மாமியார், என் வீட்டுக்காரர், நான் மூன்று பேரும் பஸ் ஏறி வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அந்த அம்மா எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். குறை என்னிடம் இல்லை. சின்ன வயதில் வந்த பொன்னுக்குவீங்கியில் என் வீட்டுக்காரருக்குத்தான் அந்தப் பாக்கியம் போய்விட்டது.

திரும்பி வரும்போது போளூர் தாண்டியதும் கார்த்திகை தீபம் ஏற்றுகிற மலை தெரிந்தது. மாமியார் என் முழங்கையைப் பிடித்து அமுக்கினாள்.

"கை கூப்புடி. மலையப் பாத்து சத்தியம் பண்ணு. டாக்டரு சொன்னத நம்ம ஊர்ல ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்து சொல்லமாட்டேன்னு."

எங்கள் பக்கம் கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தைக்கூடப் பரிகாரம் செய்து எடுத்துவிடலாம். மலையைப் பார்த்துச் செய்ததை எடுக்க முடியாது. காலையில் கண் விழித்தால் அது எதிரில் நிற்கிறதே, எப்படி எடுப்பது? செய்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பியவர், ஊர் வருகிறவரைக்கும் திரும்பவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் மாமியார் என்னை உட்காரவைத்துத் தலை சீவினாள். அதற்கு முன்னால் அவள் என் தலையைத் தொட்டதே இல்லை. சிக்கு எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"பெரியவன் இன்னிக்குக் கழனிக்குப் போவல. நீ உள்ரூம்ல படுத்துக்க. படலச் சாத்தாத. வம்சம் வேணும் இல்ல?"

அந்த அறைக்குக் கதவு கிடையாது, மூங்கில் படல்தான். பெரியவன் என்றால் அவளுடைய மூத்த மகன். என் வீட்டுக்காரருக்கு அண்ணன். மூன்று பிள்ளைக்குத் தகப்பன். நான் சீப்பைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். கிட்ட வந்தால் செருப்பால் அடிப்பேன் என்று அவன் காதில் விழும்படியாகவே சொன்னேன்.

ஒரே வாரத்தில் பஞ்சாயத்தைக் கூட்டினார்கள். மலடி என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். சத்தியம் நாக்கைக் கட்டியிருந்தது, நான் வாய் திறக்கவில்லை. என்னைப் பெற்ற நாயினா தலையைக் குனிந்துகொண்டு என் துணி மூட்டையைத் தூக்கினார். அடுத்த தையில் இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டினார்கள். மறுவருஷம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. குறை யாரிடம் இருந்தது என்று இப்போது தெரிந்ததா என்று அந்த ஊர் சிரித்ததாக வந்து சொன்னார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். பஞ்சாயத்தில் உட்கார்ந்து என்னை மலடி என்று சொல்லக் கேட்ட அதே ஊர், உண்மையையும் கேட்க வேண்டும். சத்தியமும் உடையக்கூடாது. எழுபதுகள் முழுக்க மலையடிவாரத்து டவுனில் கோயில் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் பூக் கட்டிக்கொண்டு இதைத்தான் யோசித்தேன்.

நான் குடியிருந்த வரிசை வீட்டில் பக்கத்து அறைக்கு ஒரு குமாஸ்தா வந்தார். வெளியூர்க்காரர். கதை எழுதுவார் என்று சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் போய் நின்று, "சார், ஒரு கதை இருக்குது, எழுதறீங்களா?" என்று கேட்டேன். ஊர்க்காரரிடம் சொல்லக்கூடாது என்றுதான் சத்தியம். இவர் அந்த ஊர்க்காரர் இல்லையே. நான்கு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். பேரைப் போடாதீர்கள், மற்றதில் ஒன்றைக்கூட விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

எழுதி அச்சாகி வர இரண்டு வருஷம் ஆயிற்று. எண்பதுகள் பிறந்துவிட்டன. எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். கொட்டகைக்குக் கொண்டுபோனேன்.

கொட்டகையில் நாங்கள் எட்டுப் பேர். பூவைப் பிரித்துக் கொடுப்பது நான். எங்களில் ஒருத்தி எட்டாவது வரைக்கும் படித்தவள். அவள் வாரப் பத்திரிகைத் தொடர்கதையெல்லாம் உரக்கப் படிப்பாள். படிக்கிற கைக்குப் பூக் கட்ட முடியாது என்பதால் அவள் பங்கை மற்ற ஏழு பேரும் ஆளுக்கு இரண்டு முழம் கட்டிக் கொடுத்துவிடுவோம். அப்படித்தான் இந்தப் புத்தகத்தையும் படித்தாள். அது யார் கதை என்று நான் சொல்லவில்லை. என் மாமியாரை இந்த ஏழு வாயும் சேர்ந்து திட்டுவதைக் காது குளிரக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

"ஐயே, இன்னா கதை இது! ஒரு கல்யாணம் காட்சி இல்ல, ஒரு சிரிப்பு இல்ல. வூட்லதான் அழுவறோம், இங்கயுமா?" என்றாள் ஒருத்தி.

"அடியே, இது எங்க சித்தி வூட்ல நடந்ததுடி. அப்பிடியே நடந்தது," என்றாள் இன்னொருத்தி. கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

கனகாம்பரம் கட்டுகிறவள் மட்டும் உதட்டைச் சுழித்தாள். "அந்தப் பொண்ணுக்குத் திமிரு ஜாஸ்தி. வூட்டு மானத்துக்கோசரம் கண்ண மூடிக்கினு இருந்திருந்தா இன்னா கொறைஞ்சி போயிருப்பா? மாமியாக்காரி பாவம், வம்சத்துக்குத்தான பாத்தா?"

மறுநாளிலிருந்து அவளுக்குக் கூடையின் அடியில் கிடக்கிற அழுகின பூவைத்தான் பிரித்துக் கொடுத்தேன். ஏன் என்று அவளுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. தெரியாமலே பாதி மழைக்காலம் அழுகின பூவைக் கட்டினாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் கிணற்றில் விழுந்தாள். எனக்கே அப்போதுதான் தெரியும். கொட்டகையே அழுதது. மறுநாள் காலையில் இவர்கள் ஆளுக்கு ஒரு கரண்டி நெய் சேர்த்துக் கோயிலுக்குப் போய், அவளுக்கு மோட்ச தீபம் ஏற்றிவிட்டு வந்தார்கள்! அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டிருக்கிறார். கேட்டை என்று அடித்துவிட்டிருக்கிறாள் எட்டாவது படித்தவள்.

"கெணத்துல உயுந்த ஆத்துமா அலையும்க்கா. இந்தா, துண்ணூரு இட்டுக்க," என்று என் எதிரில் கையை நீட்டினாள்.

உயிரோடு உட்கார்ந்துகொண்டு என் மோட்ச தீபத்துத் திருநீற்றை நானே இட்டுக்கொண்டேன். நெற்றி எரிந்தது. நேராகக் குமாஸ்தா வீட்டுக்குப் போனேன்.

"நான் எப்போ சார் கெணத்துல உயுந்தேன்?"

அவர் சிரித்தார். "செத்தாத்தாம்மா படிக்கிறவங்க மனசு பதறும்."

"நான் செத்திருந்தா உங்களுக்கு யாரு சார் வந்து கதை சொல்லியிருப்பா?"

வாசகர்கள் எழுதின ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். மூன்று நாள் தூங்கவில்லை என்று ஒருத்தர் எழுதியிருந்தார். கிராமத்து ஜனங்களை இழிவுபடுத்துகிற இந்தப் புத்தகத்தைக் கொளுத்த வேண்டும் என்று ஒருத்தர். இருட்டு, இருட்டு, ஒரு ஜன்னல்கூடக் கிடையாதா என்று ஒரு அம்மா. ஒரு புரொபசர், எல்லாம் சரி, மாமியார் பாத்திரம்தான் நம்பும்படியாக இல்லை என்று எழுதியிருந்தார்.

"நம்பும்படியா இல்லையா? தீபத்துக்கு வருவா. வந்து பாத்துட்டுப் போவச் சொல்லுங்க," என்றேன்.

கோபத்தில் சொன்ன அந்தப் பேச்சுதான் வழியைக் காட்டியது. பத்து வருஷம் யோசித்தும் தோன்றாதது, வரிசை வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் தோன்றிவிட்டது. அந்த ஊர் கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் முன்னாலேயே அரிசி, பருப்பு, பாத்திரத்தோடு வண்டி கட்டி வந்து எங்கள் சாதி ஆட்கள் சத்திரத்தில் தங்கும். காலைச் சாமி ஊர்வலத்துக்கும் ராத்திரி ஊர்வலத்துக்கும் நடுவில் வேலை இருக்காது. யாராவது உரக்கப் படித்தால் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பாரதம் கேட்டுப் பழகின காது. எட்டாவது படித்தவளிடம் போய்ப் படி என்றேன். அவளுக்கும் காரணம் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டுவிடாமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

என் மாமியார் முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து பொரி தின்றாள். கண் மங்கிவிட்டது, காது அப்படியேதான் இருந்தது. குமாஸ்தா மல்லாட்டையைக் கரும்பாக்கியிருந்தார், பஸ்ஸை ரயிலாக்கியிருந்தார், டாக்டரம்மாவை நாட்டு வைத்தியர் ஆக்கியிருந்தார், மலைச் சத்தியத்தைக் கற்பூரச் சத்தியம் ஆக்கியிருந்தார். அதனால் முதல் நாள் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் சண்டாளி, சண்டாளி என்று கதையில் வருகிற மாமியாரைத் திட்டியபோது, "குடும்பம் நடத்தறவளுக்குத்தான் தெரியும்" என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் தலை சீவுகிற இடம் வந்தது. எட்டாவது படித்தவள் ராகம் போட்டுப் படித்தாள். உள் அறையில் படுத்துக்கொள், தாழ்ப்பாளைப் போடாதே என்று மாமியார் சொன்னதாக அதில் இருந்தது. குமாஸ்தா டவுனில் பிறந்தவர். அறை என்றால் அவருக்குத் தாழ்ப்பாள்தான்.

என் மாமியாருக்கு ஒரு குணம் உண்டு. அவளுக்குத் தெரிந்த சங்கதியை யாராவது தப்பாகச் சொன்னால் பொறுக்காது. சாவு வீட்டில்கூடச் செத்தவர் வயதைத் திருத்துவாள்.

"தாழ்ப்பாளா? அந்த ரூமுக்கு ஏது தாழ்ப்பாளு? படலுதான்," என்றாள்.

படித்தவள் நிறுத்தினாள். பங்காளி வீட்டுக்காரி ஒருத்தி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த ரூமுக்கு, பெரீம்மா?"

"அதான்... கதையில வர்ற ரூமுக்கு."

"கதையில தாழ்ப்பாளுன்னுதான போட்டுக்குது? உனக்கு யாரு படலுன்னு சொன்னது?"

நான் எழுந்து தூணைச் சுற்றி வந்து, அவள் காலடியில் நின்று முந்தானையை எடுத்தேன். அவள் கையைப் புருவத்துக்கு மேல் வைத்து என்னைப் பார்த்தாள். பொரி மடியிலிருந்து சரிந்தது.

"நீயா? அடிப்பாவி! டாக்டரு சொன்னத சொல்லமாட்டேன்னு மலையப் பாத்து சத்தியம் பண்ணியேடி!"

"நான் வாயே தொறக்கலையே, அத்த. இப்பவும் நீங்கதான் சொல்றீங்க."

பங்காளி வீட்டுக்காரி படிக்கிறவள் பக்கம் திரும்பினாள்.

"மேல படிம்மா. அந்த வைத்தியரு இன்னா சொன்னாருன்னு இன்னொரு தபா படி."

அவள் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் படித்தாள். அந்த ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்டது. என் மாமியார் எழுந்திருக்கப் பார்த்தாள். கை கொடுத்துத் தூக்கிவிட ஒருத்தரும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் விடிந்ததும் மாமியார் வீட்டார் வண்டி கட்டிவிட்டார்கள். தீபத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஊரெல்லாம் உள்ளே வந்துகொண்டிருக்க, அந்த ஒரு வண்டி மட்டும் எதிர்த்து வெளியே போனது. தீபம் பார்க்காமல் திரும்பின குடும்பம் என்று அந்தப் பேச்சு இன்னும் இருக்கிறது. நான் ரோட்டோரம் நின்று வண்டி மறைகிறவரைக்கும் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

பொங்கல் கழித்து ஒரு மத்தியானம், நான் வீட்டில் இருந்தபோது, ஒருத்தி வந்து வாசலில் நின்றாள். என் இடத்துக்கு வந்த இரண்டாவது பெண்சாதி. நான் அவளை அதற்கு முன்னால் பார்த்ததில்லை, யார் என்று அவளே சொன்னாள். அந்தப் புத்தகம் ஊரில் வீடு வீடாகச் சுற்றுகிறதாம். அவளும் படித்தாளாம்.

"உன் பொஸ்தகத்துல நான் ரெண்டு வரிதான்க்கா வர்றேன். அவன் வேற ஒருத்தியக் கட்டினான், அவளுக்குப் புள்ள பொறந்தது. அவ்ளோதான்."

நான் உட்கார் என்று சொல்லவில்லை.

"நீ சீப்ப எறிஞ்ச, வந்துட்ட. என்னிய யாருமே கேக்கல. நான் படலச் சாத்திட்டுத்தான் படுத்தேன். படலு எத்தினி நேரம் தாங்கும்?" அவள் குரல் உயரவே இல்லை. "இப்போ ஊரே என் புள்ள மொகத்தத் திருப்பித் திருப்பிப் பாக்குது. யாரு ஜாடைன்னு. அதுக்கு நீ இன்னா எழுதச் சொல்லப்போற?"

நான் கேட்டது வேறு.

"கெயவி சோறு துன்றாளா?"

"ரெண்டு வாய் துன்னுது. யாரும் பேசறதில்ல. சொவத்தப் பாத்து படுத்துக்கினே கெடக்குது." சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. பத்து வருஷத்தில் அப்படி ஒரு பசி வந்ததில்லை. பானையில் இருந்ததையெல்லாம் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாதிச் சோற்றில், அவளை ஒரு வாய் சாப்பிடச் சொல்லவில்லையே என்று தோன்றியது. கை கொஞ்சம் நின்றது. பிறகு மீதியையும் தின்றேன்.